கைப்பழக்கம் வேறு, புரிதல் வேறு: இளைஞர்கள் தங்கள் கருவிகளை எவ்வளவு அறிந்திருக்கிறார்கள்?

ஜெட் என்ஜினுக்கான சுழலியைக் கணினியில் வடிவமைத்துப் பார்க்கும் பயிற்சி அது. அமெரிக்காவில் ஒரு பொறியியல் வகுப்பில் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஆசிரியரை அழைத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லோருடைய திரையிலும் ஒரே பிழைச் செய்தி: கோப்புகளைக் காணவில்லை. எங்கே சேமித்தீர்கள், டெஸ்க்டாப்பிலா வேறு ஃபோல்டரிலா என்று ஆசிரியர் கேட்டார். மாணவர்களுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. கோப்பு கணினியில்தான் இருக்கிறது, அதற்குள் ‘எங்கே’ என்று தனியாக ஓர் இடம் எப்படி இருக்கும்? 2017-இல் நடந்த இதையும், வேறு பேராசிரியர்கள் சொன்ன இதே மாதிரி அனுபவங்களையும் ‘தி வெர்ஜ்’ இதழ் 2021-இல் வெளியிட்டது. படித்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். “இந்தத் தலைமுறைக்கு ஒன்றும் தெரியவில்லை” என்றது ஒரு கட்சி. “ஃபோல்டர் என்பதே பழைய காலத்து வழக்கம், அது எதற்கு இவர்களுக்கு?” என்றது இன்னொன்று.

இரண்டு வாதமும் ஒரு சொல்லை வரையறுக்காமலே நடக்கின்றன. ‘தெரியும்’ என்பதுதான் அந்தச் சொல்.

## ‘தெரியும்’ என்பதன் மூன்று படிகள்

1. இயக்கத் தெரிவது. எந்த இடத்தைத் தொட்டால் எது திறக்கும் என்பது. இது கைப்பழக்கம். பார்த்தும் செய்தும் வருவது. சிறுவர்கள் இதில் வேகமானவர்கள் என்பதில் ஐயமே இல்லை.

2. விளக்கத் தெரிவது. தொட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று மனத்தில் ஒரு படம் இருப்பது. அந்தப் படம் முழுமையாக இருக்க வேண்டியதில்லை. வேலை இந்தக் கருவிக்குள் நடக்கிறதா, எங்கோ உள்ள ஒரு சர்வரில் நடக்கிறதா என்ற அளவுக்கு அது சரியாக இருந்தால்கூடப் பெரிது.

3. மதிப்பிடத் தெரிவது. இதை எந்த அளவுக்கு நம்பலாம், எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம், எந்த இடத்தில் இது கைவிடும் என்று சொல்ல முடிவது. இரண்டாவது படி இல்லாமல் இங்கே வர முடியாது.

வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது முதல் படி மட்டும்தான். ஒரு சிறுமி திரையில் விரல்களைப் பறக்கவிடுவதைப் பார்க்கும் பெரியவர், மற்ற இரண்டு படிகளும் தாமாகவே அவளுக்கு வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். குழப்பம் தொடங்கும் இடம் இதுதான்.

## ‘பிறவி ஞானம்’ என்ற எண்ணம் எப்படி வேரூன்றியது

2001-இல் அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் மார்க் பிரென்ஸ்கி ஒரு கட்டுரையில் இரண்டு சொற்களைப் பரப்பினார். கணினிகளுக்கு நடுவே பிறந்தவர்கள் ‘டிஜிட்டல் பூர்வகுடிகள்’. பின்னாளில் கற்றுக்கொண்டவர்கள் ‘டிஜிட்டல் குடியேறிகள்’. பூர்வகுடிக்கு மொழி தானாக வரும், குடியேறியிடம் எப்போதும் அந்நிய வாடை வீசும் என்பது உவமையின் சாரம். கேட்டவுடன் மனத்தில் ஒட்டிக்கொள்ளும் உவமைதான். ஆனால் அதன் பின்விளைவு மோசமானது. தானாக வருவதை யார் சொல்லித்தருவார்கள்?

2018-இல் நடந்த பன்னாட்டுக் கணினி, தகவல் எழுத்தறிவு ஆய்வு இந்த உவமையை எண்களால் சோதித்தது. எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கணினியில் உண்மையான வேலைகளைச் செய்யச் சொல்லி மதிப்பிட்டார்கள். பங்கேற்ற நாடுகளின் சராசரியில், மிக உயர்ந்த நிலையைத் தொட்டவர்கள் 2 சதவீதம். ஒரு லிங்க்கைப் புதிய தாவலில் திறப்பது போன்ற எளிய வேலைகள் அடங்கிய முதல் நிலையைக்கூட எட்டாதவர்கள் 18 சதவீதம். இவர்கள் ஸ்மார்ட்போன் பரவத் தொடங்கிய பின் வளர்ந்த பிள்ளைகள். கருவி கையில் இருப்பது ஒன்று, அறிவு வந்து சேர்வது வேறொன்று என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

## பழுது என்ற ஆசிரியர்

முந்தைய தலைமுறைக்கு மட்டும் யார் சொல்லித்தந்தார்கள்? பெரும்பாலும் யாரும் இல்லை. கருவிகளின் குறைகள்தான் சொல்லித்தந்தன.

1981-இல் பிரிட்டனில் வந்த பிபிசி மைக்ரோ கணினியை இயக்கினால் கறுப்புத் திரையில் கட்டளைக்காக ஒரு குறி மின்னிக்கொண்டு நிற்கும். எதையாவது தட்டச்சு செய்தாக வேண்டும். விளையாட்டுக்குக்கூட ஓரிரு கட்டளைகள் வேண்டும். பின்னாளில் வந்த கணினிகளில் வட்டு நிறைந்துவிட்டது என்று செய்தி வரும், பிரிண்டர் வேலை செய்யாது, புதிய மென்பொருள் பழையதோடு மோதும். மாலைப் பொழுது முழுக்க அதனோடு மல்லுக்கட்டியவர், தாம் விரும்பாமலே இயந்திரத்தின் உட்புறத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டார். எரிச்சலோடு வந்த கல்வி என்றாலும் அது கல்விதான்.

2007-க்குப் பிறகு வந்த தொடுதிரைக் கருவிகள் இந்த ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டன. ஐபோன் வெளியானது 2007-இல். கோப்புகளை உலாவிப் பார்ப்பதற்கான ‘ஃபைல்ஸ்’ செயலி அதில் சேர்ந்தது 2017-இல். இடைப்பட்ட 10 ஆண்டுகளில் அந்தக் கருவியோடு வளர்ந்த குழந்தைக்குப் படம் என்பது படச்செயலியில் இருப்பது, பாட்டு என்பது பாட்டுச்செயலியில் இருப்பது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சேமிப்பிடம் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியாத சேதி. பேட்டரியைக் கழற்ற முடியாது. உறையைத் திறக்க முடியாது. ஏதாவது கெட்டுப்போனால் அணைத்துப் போடுவது, அதற்கும் மசியாவிட்டால் புதிதாக வாங்குவது, இவ்வளவுதான் வழி.

இந்த மறைப்பைப் பழிக்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இன்று வீடியோ அழைப்பில் பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்க முடிகிறது என்றால் அது இந்த மறைப்பால் விளைந்த நன்மை. இழப்பு வேறிடத்தில் விழுந்தது. முன்பு தானாகக் கிடைத்த பாடத்தை இனி யாரேனும் திட்டமிட்டுத் தர வேண்டும். ‘பூர்வகுடி’ உவமையோ அது தேவையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஈபன் அப்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைக் கண்கூடாகப் பார்த்தார்கள். கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்களின் எண்ணிக்கையும், வரும்போதே அவர்களிடம் இருந்த திறமையும் குறைந்துகொண்டே வந்தன. சிறுவர்கள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க மலிவான கணினி வேண்டும் என்று அவர்கள் உருவாக்கிய ராஸ்பெரி பை 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி, பள்ளிகளில் கணினிப் பாடம் நடக்கும் விதத்தில் பெருங்குறை இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. 2014-இல் இங்கிலாந்து பழைய பாடத்தை எடுத்துவிட்டு, நிரல் எழுதுவதையும் கணினி இயங்கும் முறையையும் உள்ளடக்கிய புதிய பாடத்தைக் கொண்டுவந்தது.

## நீலப் புள்ளியை அருகில் சென்று பார்த்தால்

புரிதல் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டை முழுதாக எடுத்துக்கொள்வது நல்லது. வரைபடச் செயலியில் ‘நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்’ என்று காட்டும் நீலப் புள்ளியைப் பார்ப்போம்.

பரவலாக உள்ள எண்ணம் இது: மேலே ஒரு செயற்கைக்கோள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நாம் இருக்கும் இடத்தை அது போனுக்குச் சொல்கிறது.

நடப்பது நேர்மாறானது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. “இப்போது மணி இது, நான் இருக்கும் இடம் இது” என்று அது இடைவிடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதன் வேலை அதோடு முடிந்தது. கீழே போன் அந்த ஒலிபரப்பைக் கேட்கிறது. ஒளியின் வேகத்தில் வரும் அந்தச் சமிக்ஞை தரையை அடைய ஏறத்தாழ 0.07 விநாடி ஆகிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து எவ்வளவு தூரம் என்று போன் கணக்கிடுகிறது. இப்படிக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் கணக்கைச் சேர்த்துத் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கிறது. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு (ஒரு மைக்ரோ விநாடி) பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டின்படி அந்த உயரத்தில் உள்ள கடிகாரம் தரையில் உள்ளதைவிட நாளொன்றுக்கு சுமார் 38 மைக்ரோ விநாடி முந்தி ஓடும். அதை முன்கூட்டியே திருத்திவைக்காவிட்டால் பிழை ஒரே நாளில் 10 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். சட்டைப்பையில் கிடக்கும் கருவியில் இத்தனை பெரிய அறிவியல் குடியிருக்கிறது என்பதை ஒரு பள்ளிக் குழந்தைக்குச் சொல்லாமல் விடுவது எவ்வளவு பெரிய நட்டம்!

இதைத் தெரிந்துகொண்டால் அன்றாட வாழ்க்கையில் மாறுவது ஒன்று உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நாம் இருப்பதே தெரியாது. அப்படியானால் நம் இருப்பிடத்தை வெளியே சொல்வது யார்? நம் கையில் உள்ள போன்தான், அதில் நாம் அனுமதி கொடுத்த செயலிகள்தான், இணையத்தின் வழியாக. அருகில் உள்ள செல்போன் கோபுரமும் வைஃபையும்கூட இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் ஜிபிஎஸ்ஸை அணைப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. வானத்தைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருந்த இளைஞர், இப்போது செயலி அனுமதிப் பட்டியலைத் திறந்து பார்ப்பார்.

இதே வகைத் தவறான மனப்படம் இன்னும் இரண்டு இடங்களில் ஆபத்தாகிறது.

பூட்டுச் சின்னம். இணைய முகவரிக்கு அருகே இருந்த பூட்டு, நம் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும் குறித்தது. தளத்தை நடத்துபவர் நாணயமானவர் என்று அது சொல்லவே இல்லை. மோசடித் தளமும் பூட்டு வாங்கிவைத்துக்கொள்ளலாம். 2021-இல் கூகுள் நடத்திய ஆய்வில் பூட்டின் சரியான பொருளைச் சொன்னவர்கள் 11 சதவீதம் மட்டுமே. சின்னத்தை மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்ற காரணத்தால் 2023-இல் குரோம் பிரவுசரில் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டார்கள்.

மறைநிலைச் சாளரம் (இன்காக்னிட்டோ). இது நம் கருவியில் வரலாற்றைப் பதியாமல் இருக்கும். இணையச் சேவை நிறுவனமோ, அலுவலக நெட்வொர்க்கோ, நாம் போகும் தளமோ பார்ப்பதை இது தடுக்காது. 2018-இல் 460 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர், கூகுள் கணக்கில் நுழைந்திருந்தாலும் மறைநிலையில் செய்த தேடல் எங்கும் பதிவாகாது என்று நம்பினார்கள்.

## இது இளைஞர்களின் குறையா?

கடைசியாகச் சொன்ன இரண்டு ஆய்வுகளும் இளைஞர்களை மட்டும் வைத்து நடந்தவை அல்ல. மனித மனத்துக்கே இந்தக் கோளாறு உண்டு. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தின் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஜிப், கழிப்பறையில் நீர் பாயும் தொட்டி முதலியவை எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு தெரியும் என்று கேட்டபோது மக்கள் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். படிப்படியாக எழுதிக் காட்டச் சொன்னதும் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்தார்கள். 2006-இல் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வாழ்நாள் முழுதும் பார்த்துப் பழகிய சைக்கிளின் சங்கிலியும் சட்டமும் எங்கெங்கே இணைகின்றன என்று சரியாகக் காட்டப் பலரால் முடியவில்லை.

இணையம் இந்த மாயையைக் கூட்டுகிறது. 2015-இல் யேல் ஆய்வாளர்கள் கண்டது: இணையத்தில் சில விடைகளைத் தேடி முடித்தவர்கள், அதற்குத் தொடர்பே இல்லாத வேறு கேள்விகளுக்கும் தங்களால் நன்றாக விளக்கம் சொல்ல முடியும் என்று மதிப்பிட்டார்கள். தேடுபொறியின் அறிவைத் தம் அறிவாக மனம் எண்ணிக்கொள்கிறது.

ஆகவே பெரியவர்கள் பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை. 2023 ஜூனில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி தந்த, உலகத்தில் இல்லாத தீர்ப்புகளை அவர்கள் மனுவில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவற்றைத் தேடி எடுத்தவர் 30 ஆண்டு அனுபவம் உள்ளவர்.

இருந்தும் இளைஞர்களைப் பற்றித் தனியே கவலைப்படக் காரணம் இருக்கிறது. தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் வாய்ப்பைப் பெரியவர்கள் அவர்களிடமிருந்து பறித்துவிட்டார்கள். அறுபது வயதுக்காரர் “இது எனக்குப் புரியவில்லை” என்றால் யாரும் வியப்பதில்லை. பதினாறு வயதுப் பையன் அப்படிச் சொன்னால் “உனக்கா தெரியாது?” என்று சிரிக்கிறார்கள். அடுத்த முறை அவன் கேட்க மாட்டான்.

## விளைவுகள் எங்கே தெரிகின்றன

1. பண மோசடி. மோசடிப் புகார் கொடுப்பவர்களில் உண்மையாகவே பணத்தை இழந்தவர்களின் விகிதம் 70 வயதைக் கடந்தவர்களைவிட 20 முதல் 29 வயதுக்காரர்களிடம் அதிகம் என்பதை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் தரவு பல ஆண்டுகளாகக் காட்டுகிறது. ஒருவர் இழக்கும் தொகை முதியவர்களிடம் பெரிது. ஓடிபியை எடுத்துக்கொள்ளுங்கள். “யாருக்கும் சொல்லாதே” என்ற எச்சரிக்கையைக் கேட்காதவர் இல்லை. ஏன் என்ற காரணம்தான் சொல்லப்படுவதில்லை. கடவுச்சொல் திருடுபோயிருக்கலாம் என்று எண்ணித்தான் வங்கி இரண்டாவதாக ஒன்றைச் சோதிக்கிறது: இந்த போன் இப்போது உரியவர் கையில் இருக்கிறதா? அந்த எண்ணைப் பிறருக்குப் படித்துக்காட்டுவது, சிறிது நேரத்துக்கு நம் கையையே இரவல் கொடுப்பது போன்றது. இந்தக் காரணம் மனத்தில் இருப்பவரிடம், “வங்கியிலிருந்துதான் பேசுகிறேன், பரிசோதனைக்காகக் கேட்கிறேன்” என்று எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எடுபடாது. விதியை மட்டும் அறிந்தவர் புதுக் கதைக்கு மயங்கிவிடுவார்.

2. எதை நம்புவது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் 3,446 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் தேர்தல் முறைகேட்டைக் காட்டுவதாகச் சொல்லும் ஒரு மங்கலான வீடியோவைக் கொடுத்தார்கள். அது ரஷ்யாவில் எடுக்கப்பட்டது. அமெரிக்க முறைகேட்டுக்கு வலுவான சான்று என்று 52 சதவீதத்தினர் சொன்னார்கள். தேடும் வசதி கையிலேயே இருந்தது. வீடியோவின் மூலத்தைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். இதே குழு முன்பு செய்த இன்னோர் ஆய்வு இன்னும் பயனுள்ளது. 10 வரலாற்று அறிஞர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையதளங்களைக் கொடுத்து, அவற்றை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். மாணவர்களும் அறிஞர்களும் பல நேரங்களில் கொடுத்த தளத்தையே மேலும் கீழும் படித்து, லோகோவையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த சில நொடிகளில் தளத்தை விட்டு வெளியேறினார்கள். புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இது யாருக்கும் கற்றுத்தரக்கூடிய உத்தி.

3. உரையாடும் செயற்கை நுண்ணறிவு. இந்தச் செயலிகள் இதுவரை வந்த சொற்களைப் பார்த்து அடுத்து வரத்தக்கது எது என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கின்றன. சில இணையத்தில் தேடியும் விடை தருகின்றன. ஆனால் பொருத்தமாக ஒலிப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அவற்றின் அமைப்பிலேயே இருக்கும் சிக்கல். இந்த ஒரு விவரம் தெரிந்த மாணவர் ஆண்டையும் பெயரையும் தனியே சரிபார்ப்பார். தெரியாதவர், தடையில்லாத நடையைப் பார்த்து நம்பிவிடுவார்.

## எவ்வளவு தெரிந்தால் போதும்?

டிரான்சிஸ்டரின் இயற்பியலை எல்லோரும் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எந்தக் கருவியானாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் பெரும்பகுதி கடந்துவிடலாம். வேலை எங்கே நடக்கிறது? தகவல் யார் யார் கையில் போகிறது? இது நின்றுபோனால் என்னிடம் என்ன மிஞ்சும்?

முதல் கேள்விக்குச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. வகுப்பிலும் செய்யலாம், வீட்டிலும் செய்யலாம். போனை விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையையும் அணைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு செயலியாகத் திறப்பதற்கு முன், இது வேலை செய்யுமா செய்யாதா என்று பிள்ளைகளை ஊகித்து எழுதச் சொல்ல வேண்டும். கேமரா வேலை செய்யும். கால்குலேட்டர் வேலை செய்யும். தேடுபொறி நின்றுவிடும். நேற்று பார்த்த படங்களில் சில தெளிவாகத் திறக்கும், சில மங்கலாகவே நிற்கும். எவை போனில் இருந்தன, எவை வேறிடத்தில் இருந்தன என்பது அங்கேயே பிரிந்துவிடும். கடைசியாக வரைபடத்தைத் திறந்து, வெட்டவெளியில் கொஞ்ச தூரம் நடக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் வரைபடம் முன்பே போனில் சேமிக்கப்படாமல் இருந்தால், தெருக்களின் பெயர்கூட இல்லாமல் வெறும் கட்டம் போட்ட திரை. பெரும்பாலான போன்களில் அதன் மீது நீலப் புள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே வரும். இணையமே இல்லாதபோது இது எப்படி நகர்கிறது என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும்.